சுவரைத் தாண்டிப் போன வயிறு

கேட்பவர்களே, கதைக்குள் போகுமுன் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மனத்தைத் தொட்டு விடை தேடுங்கள். நேற்று மதியம் நீங்கள் உண்ண அமர்ந்தபோது உங்கள் கை உங்கள் தட்டில்தான் இருந்தது, அதை நம்புகிறேன். உங்கள் கண் யாருடைய தட்டில் இருந்தது?

உரக்கச் சொல்ல வேண்டாம். நீங்கள் மறைத்தாலும் அந்த விடையை அறிந்த ஒருவர் உங்களுக்குள் இருக்கிறார். விலா எலும்புகளுக்குக் கீழே, இருட்டில், நீங்கள் கொடுப்பதையெல்லாம் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டு, நீங்கள் கொடுக்க மறந்ததையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு இருக்கிறார். அவரைப் பற்றியதுதான் இந்தக் கதை.

கரிசல் மண்ணின் நடுவே நல்லமுத்தன்பட்டி என்றோர் ஊர். அங்கே ஆண்கள் தீக்குச்சிக்கு மருந்து முக்கவும் லாரி ஏற்றவும் போவார்கள். பெண்கள் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தொழிற்சாலையில் மரச்சட்டங்களில் குச்சி அடுக்கப் போவார்கள். காலை எட்டுக்கும் மதியம் ஒன்றுக்கும் ஆபீஸ் சங்கு ஊதினால் ஊர் முழுதும் ஒரே பசியில் திரும்பிப் பார்க்கும். ஊரின் கிழக்கே இருபத்திரண்டு லைன் வீடுகள், இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. ஒவ்வோர் இணையிலும் இரு வீட்டு அடுப்படிகளுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றுதான். ஒரு பக்கம் கரண்டி விழுந்தால் மறுபக்கம் கேட்கும், ஒரு பக்கம் பெருமூச்சு விட்டால் மறுபக்கம் கேட்கும்.

ஏழாம் வீட்டில் முத்துப்பேச்சி இருந்தாள்; அவள் கணவன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். எட்டாம் வீட்டில் அவள் கொழுந்தன் தவசியும் அவன் மனைவி ராசகனியும் இருந்தார்கள். அண்ணன் தம்பியை மணந்த இந்த இரு பெண்களுக்கும் இடையே பதினோர் ஆண்டுகளாக ஒரு சண்டைகூட நடந்ததில்லை. சண்டை நடந்திருந்தால் நல்லதாய் இருந்திருக்கும். சண்டை வாய் வழியாக வெளியே போய்விடும். பொறாமைக்கு வெளியே போக வழியில்லை, அது விழுங்கப்படுகிறது, நாள்தோறும், கவளம் கவளமாக.

முத்துப்பேச்சிக்குத் தேன்மொழி என்று பத்து வயதில் ஒரு மகள் இருந்தாள். ராசகனிக்கு மணமாகிப் பத்தாண்டுகள் வரை பிள்ளை இல்லை. ஊரார் வழக்கப்படி பார்த்தால் பொறாமை எட்டாம் வீட்டிலிருந்து ஏழாம் வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். இங்கே அது எதிர்த்திசையில் போயிற்று. காரணம் ஒரு சிரிப்பு. ராசகனி உண்டு முடித்துக் கை கழுவும் நேரத்தில் ஏதாவதொன்றைச் சொல்லிச் சிரிப்பாள். நிறைந்த குடத்தில் இன்னொரு செம்பு நீர் விழுவதுபோல் அடிவயிற்றிலிருந்து எழுந்து வரும் சிரிப்பு அது. அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடுவார்கள், குழாயடிக்குப் போகிறவர்கள் குடத்தை இறக்கி வைப்பார்கள், தேன்மொழியோ தன் தாய் போட்ட சோற்றைத் தட்டோடு தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்கு ஓடுவாள்.

தான் சமைத்த சோற்றைத் தன் மகள் அடுத்த வீட்டில் வைத்து உண்பதைப் பார்க்கும் தாயின் நெஞ்சை நினைத்துப் பாருங்கள். சோறு ஒன்றுதான், குழம்பு ஒன்றுதான். இங்கே இறங்காதது அங்கே இறங்குகிறது. முத்துப்பேச்சி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சுவரில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் கடுகு பொரிந்தால் இந்தப் பக்கமும் கடுகு பொரிந்தது. அங்கே வெந்தயம் மணத்தால் இங்கேயும் வெந்தயம் வறுபட்டது. அங்கே அம்மியில் தேங்காய் அரைபட்டால் இங்கே இருந்த துவையலை ஒதுக்கிவிட்டுத் தேங்காய் உடைபட்டது. எட்டாம் வீட்டுச் சமையலை ஏழாம் வீட்டில் சமைத்து, அந்தச் சுவரருகிலேயே நின்றபடி, அந்தச் சிரிப்பு எப்போது வரும் என்று காத்துக்கொண்டே, மென்றும் மெல்லாமலும் விழுங்கினாள். சிரிப்பு வந்ததும் தட்டைக் கழுவிவிடுவாள். பிறகு நெஞ்சுக்குக் கீழே நெருப்பு எழும். மருந்துக்கடையில் வாங்கிய வெள்ளை மாத்திரையைக் கடித்துக் கறுப்புத் தேநீரோடு விழுங்குவாள். பதினோர் ஆண்டுகளில் ஒரு நாளாவது அவள் உட்கார்ந்து உண்டதை அவள் வயிறு அறியாது.

பதினோராம் ஆண்டில் ராசகனி கருவுற்றாள். சிரிப்பு இன்னும் ஆழமாயிற்று. சுவரின் இந்தப் பக்கம் மாத்திரை இரட்டிப்பாயிற்று.

அந்த ஆண்டு ஐப்பசி முதல் செவ்வாய்க்கிழமை, இரண்டு நாள் மழை விட்ட காலையில், எட்டு மணிச் சங்கு ஊதியபோது, லைன் வீடுகளின் வயிறுகள் சுவரைத் தாண்டி இடம் மாறின. ஓசை இல்லை, வலி இல்லை, ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்குத் தண்ணீர்க்குடத்தை மாற்றும்போது உண்டாகுமே, அப்படியொரு தளும்பல், அவ்வளவுதான். மாறியது சோறு போகிற வயிறும் அதைத் தொடர்ந்த குடலும். கருப்பையும் அதனுள் இருந்த ஆறு மாதப் பிள்ளையும் ராசகனியிடமே இருந்தன. முத்துப்பேச்சியின் வயிறு எட்டாம் வீட்டில் இருந்தது. ராசகனியின் வயிறு ஏழாம் வீட்டில் இருந்தது.

யாரும் அலறவில்லை. வேலைக்கு நேரமாகியிருந்தது. மூன்றாம் வீட்டு ஓதுவார் சிவக்கொழுந்து பூசைக்குப் போகும் வழியில் கருவாட்டுக்கடை முன் நின்று, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மூச்சை இழுத்தார். நாலாம் வீட்டு மீன்காரர் அந்தோணிக்குத் தன் கூடையைச் சைக்கிளில் கட்டவே குமட்டியது. ஊரையே அதட்டும் போலீஸ் ஏட்டு ரத்தினவேல், ஸ்டேஷனில் வந்து நின்றவனிடம், "சரி, போயிட்டு வா, இனிமே செய்யாத" என்று சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே வியந்தார், அவருடைய வயிற்றைத் தாங்கிய பக்கத்து வீட்டுத் தையல்காரி சபூரா பீவியோ கத்தரிக்கோலை மேசையில் ஓங்கி வைத்து, "நாளைக்குன்னா நாளைக்கு! இன்னிக்கு வந்து நிக்காதீங்க!" என்றாள், அன்றிலிருந்து அவளிடம் எவரும் பேரம் பேசவில்லை.

மாலைக்குள் விஷயம் விளங்கிவிட்டது. குழாயடியில் கூடினார்கள். தண்ணீர் முறையைப் பார்த்துக்கொள்ளும் சங்கரவடிவு என்ற குச்சி அடுக்கும் பெண், குடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முறை ஒன்று சொன்னாள்.

"எப்படி வந்துச்சுன்னு ஆராஞ்சா சோறு வேகாது. அவங்கவங்க வயித்துக்கு அவங்கவங்களே பொங்கிக் குடுக்கணும். நம்ம வயித்துக்கு எது சேரும்னு நமக்குத்தான தெரியும்?"

"ஓதுவாரய்யா வீட்டுக்கு நான் மீன்குழம்பா குடுத்துவிட?" என்றாள் அந்தோணியின் மனைவி.

"மீனு போடாத மீன்குழம்பு வையி. வயிறு கேக்குறது அந்தப் புளியையும் மிளகாயையுந்தான். மீனு இருக்குன்னு அது ஏமாந்தா, ஏமாந்துட்டுப் போகுது."

ஊர் அப்படித்தான் அந்த அற்புதத்தைத் தன் வழக்கத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டது. மதியச் சங்கு ஊதியதும் கிண்ணங்கள் வாசல்விட்டு வாசல் போயின. சௌக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டு, "என் வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். "உங்க வயித்துக்குக் காரம் ஆகலைங்க, காலைல ஒரே புலம்பல்" என்று பதில் வந்தது. கேட்டவர் திடுக்கிட்டார், நாற்பது ஆண்டுகளாகக் காரம் உண்டு வந்தவர் அவர். ஆரம்பச் சுகாதார நிலையத்து நர்ஸ் பிலோமினா தன் பதிவேட்டில் கோடு இழுத்து இரண்டு கட்டம் செய்தார்: ஒன்றில் உடம்புக்காரர் பெயர், மற்றதில் வயிற்றுக்காரர் பெயர். மாத்திரையை உடம்புக்காரருக்குக் கொடுத்தார், அறிவுரையை வயிற்றுக்காரருக்குக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் நாளில் முதலாவது வயிறு வீடு திரும்பியது. அந்தோணி தன் வயிற்றைப் பார்க்க வந்திருந்தார். ஓதுவார் மீனில்லாத மீன்குழம்பைப் பிசைந்து உண்டு, "நல்லா இருக்கு அந்தோணி, இது நல்ல வயிறு, நீ இதைக் கொஞ்சம் பட்டினி போட்டிருக்கே" என்றார். அந்தோணி தலைகுனிந்து ஆமென்றார். குடம் இடுப்பு மாறியது. பிறகு ஏட்டும் சபூராவும். பிறகு ஒவ்வோர் இணையாக. விதியை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோரும் கண்டுகொண்டார்கள். தன்னைத் தேடி வந்தவரிடம் வயிறு திரும்பிப் போனது. தேடி வராதவரிடம் போகவில்லை.

இனி ஏழாம் வீட்டுக்கு வாருங்கள்.

அந்தச் செவ்வாய்க் காலையில் முத்துப்பேச்சி வழக்கம்போல் கறுப்புத் தேநீரை எடுத்தாள். உள்ளே இருந்த புது வயிறு மரியாதையாக அதை மறுத்தது. நீராகாரமும் சின்ன வெங்காயமும் கேட்டது. அவசரமாக விழுங்கினால் ஏற்க மறுத்தது. ஆகையால் உட்கார வேண்டியதாயிற்று, மெல்ல வேண்டியதாயிற்று. மதியம் ஆபீசில், மரத்தடியில் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருத்தி குழம்பை ஒருத்திக்கு ஊற்றி உண்ணும் நேரத்தில், இத்தனை ஆண்டும் ஸ்டோர் ரூம் சுவரைப் பார்த்து நின்றே உண்டவள் அவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். யாரோ எதையோ சொன்னார்கள். அடிவயிற்றிலிருந்து ஒன்று எழுந்து நெஞ்சுக்கு வந்து தொண்டைக்கு ஏறியது. வாந்தி என்று அஞ்சி வாயைப் பொத்தினாள். வந்தது சிரிப்பு.

"ஏட்டி பேச்சி, உனக்குப் பல்லு இருக்கா!" என்றாள் சங்கரவடிவு. "இத்தன வருசமா பொக்கை வாயின்னுல நெனச்சோம்!"

வட்டம் முழுதும் சிரித்தது, முத்துப்பேச்சியும் சிரித்தாள், ஒருத்தி தன் குழம்பை அவள் சோற்றில் ஊற்றினாள், மற்றொருத்தி அவள் பக்கம் நகர்ந்து அமர்ந்தாள். வீட்டுக்கு வந்தபோது நடை லேசாக இருந்தது. தேன்மொழி தட்டோடு வாசலுக்கு ஓடியவள், தாய் சிரிப்பதைக் கேட்டு நின்று, திரும்பி வந்து அவள் முழங்காலை ஒட்டி உட்கார்ந்து உண்டாள்.

அன்று அவள் மகிழ்ந்தாள் என்று நினைப்பீர்கள். மகிழ்ந்தாள், அதோடு, முன் எப்போதும் இல்லாத அளவுக்குப் பொறாமையும் கொண்டாள். பொறாமை வயிற்றில் பிறந்தாலும் அதன் வேர் நினைவில் இருக்கிறது. வயிறு போனாலும் வேர் போவதில்லை. 'பதினோரு வருசமும் அவள் இப்படியா இருந்தாள்? ஒவ்வொரு நாளும் இவ்வளவு லேசாகவா எழுந்தாள்?' என்று நினைத்தாள். கடந்துபோன நாலாயிரம் மதியங்களுக்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டாள். பிறகு ஒரு முடிவு செய்தாள். இதைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

ஆனால் முறை இருந்ததே, தெரு பார்க்குமே. ஆகையால் நாள்தோறும் அவளும் ஒரு கிண்ணத்தைத் தட்டுப் போட்டு மூடி எட்டாம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். தெரு கிண்ணத்தைப் பார்த்தது, கிண்ணத்துக்குள் பார்க்கவில்லை. உள்ளே அவள் உண்டு மிஞ்சியது இருந்தது, ராசகனியின் வயிற்றுக்கென்று சமைத்ததன் மிச்சம். அந்தப் பக்கம் இருந்த அவளுடைய சொந்த வயிறு அதை முகர்ந்தது, மீண்டும் அடுத்தவள் சமையல் என்று அறிந்தது, கதவை அடைத்துக்கொண்டது.

ராசகனியின் கன்னம் ஒட்டியது. அவள் சிரிப்பு முதலில் சிறுத்தது, பிறகு நின்றது. வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுகிறவள், பசையை எடுத்தால் எடுத்தபடியே உட்கார்ந்திருந்தாள். கார்த்திகை பிறந்தபோது இருபது வீடுகளில் வயிறுகள் திரும்பிவிட்டன. இருபத்தோராவதும் இருபத்திரண்டாவதுமாக ஏழும் எட்டும் மிஞ்சின. நர்ஸ் பிலோமினா எடை பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை வந்தார், முள்ளைப் பார்த்தார், முந்திய மாதத்துக் கட்டத்தைப் பார்த்தார், மீண்டும் முள்ளைப் பார்த்தார்.

"ஏறலை. எறங்கியிருக்கு. பிள்ளை அசைவும் கம்மியா இருக்குங்கிற. புதன்கிழமை வாரேன். அதுக்குள்ள ஒரு பிடி சோறு உள்ள தங்கலைன்னா, ஜீப்புல ஏத்தி ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவேன். அப்பவும் பிள்ளைக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்." பதிவேட்டைத் திருப்பினார். "வயித்துக்காரவுக எங்க?"

தவசி ஏழாம் வீட்டு வாசலுக்கு வந்தான். படியேறவில்லை.

"மைனி, பத்து வருசம் கழிச்சு வந்த பிள்ளை. உங்க வயித்துக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, எங்கிருந்தாலும் கொண்டாறேன்."

"தெனமும் கிண்ணம் குடுத்துவிடத்தான செய்றேன் தவசி? ஒன் பொண்டாட்டிக்கு எறங்கலைன்னா நான் என்ன செய்ய?"

"ஒருக்கா வந்து பாருங்க மைனி. வந்தவங்களுக்கெல்லாம் சரியாயிருச்சு."

"பாப்போம்" என்றாள் முத்துப்பேச்சி. கதவைச் சாத்தினாள். உள்ளே போய் உட்கார்ந்து உண்டாள். சோறு இறங்கியது. கேட்பவர்களே, அதுதான் கொடுமை. சோறு இறங்கியது, இனிதாகவே இறங்கியது. நல்ல வயிறு தீய மனத்துக்கும் உண்மையாகத்தான் உழைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தேன்மொழி ஏதோ வேடிக்கை சொன்னாள்; முத்துப்பேச்சி கை கழுவியபடி உரக்கச் சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை.

"அம்மா, சித்தி என்னைய வராதங்கா."

"ஏன்?"

"தெரியலை. நேத்து போனேன். 'ஒங்கம்மாகிட்டயே போ, அங்கதான சிரிப்பாணி'ன்னு சொன்னா. அப்புறம்..." குழந்தை அடுப்படிச் சுவரைக் காட்டினாள். "நீ முன்ன நிப்பேல்ல, அது மாதிரியே நிக்கா. காத வச்சுக்கிட்டு. கையில தட்டு வச்சிருக்கா, திங்க மாட்டேங்கா. நீ சிரிச்சதும் தட்டக் கழுவிருதா."

முத்துப்பேச்சியின் கையில் இருந்த செம்பிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவள் சுவரருகே போனாள். பதினோர் ஆண்டுகள் காது வைத்து வைத்துச் சுண்ணாம்பு தேய்ந்து வழுவழுப்பான ஓரிடம் அதில் இருந்தது. அங்கே காதை வைத்தாள். மறுபக்கத்திலிருந்து ஒரு மூச்சு கேட்டது; அவள் காதுக்கு நேரெதிரே, அதே உயரத்தில், ஒற்றைச் செங்கல் தூரத்தில்.

தன்னைத் தானே சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று உங்களால் எண்ணிப்பார்க்க முடிகிறதா? அவள் கேட்டாள். சிறிது நேரந்தான் கேட்டாள், அதற்குமேல் தாங்கவில்லை. தன் வாசலிலிருந்து அந்த வாசலுக்குப் பதினான்கு அடி. பதினோர் ஆண்டுகளாக நடக்காத பதினான்கு அடியை நடந்தாள்.

ராசகனி சுவரருகில் நின்றிருந்தாள், கழுவிய தட்டோடு. வந்தவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை முத்துப்பேச்சி அறிவாள், கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"எதுக்கு வந்தீங்க? சிரிச்சுக் காட்டவா?"

முத்துப்பேச்சி வாசற்படி தாண்டி உள்ளே வந்தாள்.

"உங்களப் பாத்தா எரியுதுக்கா. உங்க சிரிப்பு என் சிரிப்பு. தேனு உங்க மடில உக்காந்தா எனக்கு நெஞ்சு வேகுது. அவ உங்க பிள்ளைன்னு தெரியுது, தெரிஞ்சும் வேகுது." ராசகனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுவரோடு சரிந்து தரையில் அமர்ந்தாள். கோபம் முகத்திலிருந்து ஒழுகி, கீழே வேறொன்று தெரிந்தது. "அக்கா... பதினோரு வருசமும் இதோடயா இருந்தீங்க?"

கேட்பவர்களே, பொறாமைக்காரியை ஊர் ஏசும், ஒதுக்கும், அவள் கண்படாமல் பிள்ளைக்கு மை வைக்கும். உனக்கு வலித்ததா என்று எவரும் கேட்பதில்லை. அவளிடம் முதன்முதலாக அதைக் கேட்டவள் அவள் பொறாமைப்பட்டவளே. முத்துப்பேச்சி அழுதாள். ராசகனியின் நல்ல வயிற்றைத் தன்னுள் வைத்துக்கொண்டு, அழத் தெரிந்த வயிற்றோடு, சத்தமாக அழுதாள்.

"சொல்லு, என்ன செய்யட்டும்? இப்பவே பொங்குதேன்."

"அது உங்க வயிறு அக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

முத்துப்பேச்சி வாயைத் திறந்தாள். புளிக்குழம்பு? அது ராசகனியுடையது. வெந்தயக் களி? அதுவும். தேங்காய்த் துவையல், பருப்புச் சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், எதை நினைத்தாலும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மணமாகவே நினைவுக்கு வந்தது. தனக்கு எது பிடிக்கும் என்று தேடிப் போனவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

"தெரியலையே" என்றாள். "எனக்குத் தெரியலையே ராசகனி."

ராசகனி கண்ணை மூடினாள். இரு கையையும் வயிற்றின்மேல் வைத்தாள். வெளியே குழாயடிச் சத்தம் வந்து வந்து போயிற்று.

"முதல்ல உக்காரச் சொல்லுது" என்றாள். "உங்களை."

முத்துப்பேச்சி உட்கார்ந்தாள்.

"கேப்பைக் கூழு கேக்குது. நல்லாப் புளிச்ச கூழு. மோர் விட்டு. கொத்தவரங்கா வத்தலு வறுத்து..." கண்ணைத் திறந்தாள். "கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சாம்."

கேழ்வரகு மாவைக் கரைத்தால் அது புளிக்க நேரம் வேண்டும். நெருப்பை ஏற்றிப் புளிக்க வைக்க முடியாது, அதட்டிப் புளிக்க வைக்க முடியாது. முத்துப்பேச்சி அன்று மாலை மாவு கரைத்து எட்டாம் வீட்டு அடுப்படியிலேயே வைத்தாள். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகவில்லை. சட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். மாவு பொங்கிச் சிறு குமிழிகள் உடைந்தன. ஒவ்வொரு குமிழிக்கும் ராசகனியின் முகத்தைப் பார்த்தாள். தெருப் பெண்கள் வாசலில் வந்து நின்று, மோர் கொஞ்சம், வற்றல் கொஞ்சம் வைத்துவிட்டுப் போனார்கள். சங்கரவடிவு மட்டும் உள்ளே வந்து சொன்னாள்: "அந்தக் கிண்ணத்த நாங்க தொறந்து பாத்திருக்கணும்டி பேச்சி. அது எங்க தப்பும்தான்."

செவ்வாய்க்கிழமை கூழ் காய்ச்சினாள். ராசகனியும் எழுந்தாள், சுவரைப் பிடித்து நடந்து, நீராகாரத்தில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கினாள். அது முத்துப்பேச்சிக்குள் இருந்த தன் வயிற்றுக்கு. இருவரும் எதிரெதிரே தரையில் அமர்ந்தார்கள். நடுவில் தட்டுகள். தவசி வாசலில் நின்றான். தேன்மொழி அவன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ராசகனி ஒரு வாய் குடித்தாள். காத்திருந்தார்கள். வயிறு கதவைத் திறக்கவில்லை, மூடவும் இல்லை, எட்டிப் பார்த்தது.

"என்ன சொல்லுது?"

"நீங்கதான் காய்ச்சுனீங்களான்னு கேக்குது."

"ஆமான்னு சொல்லு. எந்தச் சுவத்துலயும் காது வைக்கலைன்னு சொல்லு."

ராசகனி இரண்டாம் வாய் குடித்தாள். மூன்றாம் வாய். கலயம் பாதியானது. ஒரு மணிச் சங்கு ஊதியது. இரு குடங்கள் இடுப்பு மாறின.

முத்துப்பேச்சிக்குத் தெரிந்தது. பழைய கனம், பழைய சூடு, விலாவுக்குக் கீழே அந்த ஊமைப் பாரம். ஆனால் அதன் அடியில், பதினோர் ஆண்டில் முதன்முறையாக, கூழின் குளிர்ச்சி இருந்தது. எதிரே ராசகனி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "எனக்குப் பசிக்குதே!" என்றாள், சொல்லிவிட்டு, அதையே வேடிக்கையாகக் கொண்டு, நிறைந்த குடத்தில் செம்பு நீர் விழுவதுபோல் சிரித்தாள். பிள்ளை உள்ளிருந்து உதைத்தது. தவசி அதை வாசலிலிருந்தே பார்த்தான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் முத்துப்பேச்சிக்கு எரிந்தது.

ஆமாம், எரிந்தது. போய்விட்டது என்று பொய் சொல்லி உங்களை மகிழ்விக்க நான் வரவில்லை. அது அவளுடைய வயிறு. பதினோர் ஆண்டுப் பழக்கம் ஒரு கலயம் கூழில் கரையாது. அவள் எழுந்து ஓடியிருக்கலாம். சுவருக்குத் திரும்பியிருக்கலாம். அவள் செய்தது வேறு. "எரியுதுட்டி" என்றாள் ராசகனியிடம், வாய்விட்டு. "தெரியும்க்கா" என்றாள் ராசகனி, அதை உள்ளிருந்து அறிந்தவளாக. மிச்சக் கூழை அவள் பக்கம் நகர்த்தினாள். முத்துப்பேச்சி உட்கார்ந்தபடியே குடித்து முடித்தாள். எரிச்சல் ஒரு விரல்கடை இறங்கியது.

புதன்கிழமை பிலோமினா வந்தார். முள் சிறிது ஏறியிருந்தது. ஜீப்பைத் திருப்பி அனுப்பினார். பதிவேட்டில் எட்டாம் வீட்டுக்கு நேரே இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரை எழுதினார். தையில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, நிறைந்த எடை. பிறந்த அன்றே யாரைப் பார்த்தாலும் முறைத்ததாம். "பெரியம்மா சாயல்" என்று தெரு சிரித்தது, முத்துப்பேச்சியும் சிரித்தாள்.

அன்றுமுதல் சிரிப்புக் கேட்டு எரியும் நாள்களில் அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு பதினான்கு அடி நடக்கிறாள். தினமும் எரிகிறது, தினமும் நடக்கிறாள். சுவரில் தேய்ந்த இடத்துக்கு அவள் சுண்ணாம்பு பூசவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்கிறாள்.

கேட்பவர்களே, உங்கள் வீட்டிலும் அப்படியொரு சுவர் இருக்கிறது. அதில் உங்கள் காது தேய்த்த ஓரிடம் இருக்கிறது. மறுபக்கம் உங்கள் தங்கை இருக்கலாம், உங்கள் நண்பர் இருக்கலாம், உங்களோடு வேலையில் சேர்ந்து உங்களுக்குமுன் உயர்ந்தவர் இருக்கலாம். உங்கள் வயிறு சுவரைத் தாண்டிப் போகும் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். எல்லாத் தெருக்களுக்கும் அந்த ஐப்பசிச் செவ்வாய் வருவதில்லை. சங்கு ஊதும் நேரமாயிற்று. உங்கள் வாசலிலிருந்து அந்த வாசலுக்கு எத்தனை அடி என்று உங்களுக்குத் தெரியும். எழுந்திருங்கள். தட்டை எடுங்கள். நாளைக்கு என்று சொல்லாதீர்கள், மாலையில் என்று சொல்லாதீர்கள். இன்றைக்கு, இப்போதே, சோறு ஆறுவதற்குள் போய் அவருக்கு எதிரே உட்காருங்கள்.